கண்ணாடிக் கிண்ணம், வெண்கலத் துண்டு, காகிதம்: பழைய காரின் பெட்ரோல் வடிகட்டிகளில் எது மேல்?

சமதளத்தில் நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்படி விட்டால், சலிக்காமல் ஓடுகிறது. மேட்டில் ஏறும்போதும், முந்துவதற்கு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் மட்டும் இழுவை போய், எஞ்சின் திக்குகிறது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) காலத்துக் கார் இப்படி நடந்துகொண்டால் முதல் சந்தேகம் பெட்ரோல் வடிகட்டியின் மீதுதான். ஐடிலிங்கில் எஞ்சினுக்குத் தேவை கொஞ்சம். முக்கால்வாசி அடைத்த வடிகட்டி கூட அதைக் கொடுத்துவிடும். வேகம் கூடும்போதுதான், கார்புரேட்டரில் பெட்ரோல் சேர்ந்திருக்கும் மிதவை அறையின் இருப்பு கரைந்து, வரவு போதாமல் போகிறது.

இதே அறிகுறியை வேறு சிலவும் காட்டும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்திவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பம்பைச் சோதிக்க, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஆரோக்கியமான மெக்கானிக்கல் பம்ப் 30 விநாடியில் ஏறத்தாழ அரை லிட்டர் தரும் என்பது பழைய கணக்கு. பீறிட வேண்டியது சொட்டினால், வடிகட்டியைத் தேடலாம்.

தேடலாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய காரில் வடிகட்டி ஒன்றுதான் என்பது நிச்சயமில்லை. டேங்கின் வாயில் ஒரு வலை, பம்புக்குள் ஒரு வலை, கார்புரேட்டரின் நுழைவாயில் இன்னொன்று, போதாததற்கு முந்தைய உரிமையாளர் யாரோ நடுவில் செருகிய பிளாஸ்டிக் வடிகட்டி. கண்ணில் படும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிவிட்டு, ஒளிந்திருக்கும் மூன்றை மறந்துவிடுவதே வழக்கமாக நடப்பது. டேங்கிலிருந்து தொடங்கி, குழாயை விரலால் தொட்டுக்கொண்டே கார்புரேட்டர் வரை போவது நல்லது.

மூன்று முக்கிய வகைகளில் என் ஓட்டு கண்ணாடிக் கிண்ணத்துக்கு. அதன் உலோக வலை அப்படியொன்றும் நுண்ணியது அல்ல. மெல்லிய துரு அதில் நிற்காது. ஆனாலும் அது பேசுகிறது. கழற்றாமலே, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். அடியில் செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க் துருப்பிடிக்கிறது. கறுப்புத் துணுக்குகள் என்றால் ரப்பர் ஹோஸ் உட்புறம் உதிர்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்காத பழைய ஹோஸ்களில் இது சாதாரணம். உருண்டு நகரும் தெளிந்த முத்துகள் தண்ணீர். வலையில் தேன்நிறப் பசை படிந்திருந்தால், நெடுங்காலம் தேங்கிக் கெட்ட பெட்ரோல். இவ்வளவு தகவலை வேறெந்த வடிகட்டியும் தராது.

சுத்தம் செய்வதும் எளிது. அடித் திருகைத் தளர்த்தி, கம்பிக் கொக்கியை விலக்கினால் கிண்ணம் கையோடு வரும். கசடைக் கொட்டுமுன் பார்த்துவிடுங்கள். வலையை மென்மையான பிரஷ்ஷால் கார்புரேட்டர் கிளீனரில் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கிழிசல் உண்டா என்று பார்த்துப் பூட்டலாம். வம்பு, கிண்ணத்தின் விளிம்பில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டில் இருக்கிறது. கார்க் கேஸ்கட் காய்ந்து சுருங்கும் தன்மை உடையது. கிண்ணம் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், சரியாக உட்காராத கேஸ்கட் வழியே பெட்ரோல் கசியாமல் காற்று உள்ளே போகும். விளைவு, பழைய திக்கலே திரும்ப வரும். பளிச்சென்ற வலையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் புதிய கேஸ்கட் போடுங்கள். திருகை விரலால் இறுக்கினால் போதும். பிளையர் பிடித்தால் கண்ணாடி விரிசல் விடும்.

வெண்கலத் துகள்களை அழுத்திச் சூடேற்றிச் செய்த சிறு துண்டு வடிகட்டி மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அமெரிக்கத் தயாரிப்பான பழைய ரோச்செஸ்டர் கார்புரேட்டர்களில் நுழைவாய் நட்டுக்குப் பின்னால், ஒரு ஸ்பிரிங்கின் முன் உட்கார்ந்திருக்கும். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அந்த ஸ்பிரிங்: வடிகட்டி முற்றிலும் அடைத்தால், பெட்ரோலின் அழுத்தம் அதைப் பின்னுக்குத் தள்ளி, வடிகட்டாத பெட்ரோலை உள்ளே விடும். அதில் வரும் குப்பை, பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் ஊசி வால்வில் சிக்கினால் கார்புரேட்டர் நிரம்பி வழியும். அடைப்பைத் தேடுகிறவர் வழிதலைப் பார்த்து வேறு எதையோ பழுது பார்ப்பார்.

கரைப்பானில் ஊறவைத்து, வெளியேறும் பக்கத்திலிருந்து மெல்லக் காற்றடித்தால் இது ஓரளவு தேறும். குவளைபோல நிமிர்த்திப் பிடித்துச் சுத்தமான பெட்ரோல் ஊற்றினால் தடையின்றி ஓடிவிட வேண்டும்; தேங்கி நின்றால் தூக்கிப் போடலாம், அழுக்கு உள்ளறைகளில் மாட்டியிருக்கிறது. கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் தேவை: ஒன்று பெரிய நட்டைப் பிடிக்க, ஒன்று குழாய் நட்டைத் திருப்ப. கார்புரேட்டர் உடல் மென்மையான துத்தநாகக் கலவை. மரை போனால் வடிகட்டியின் விலையோடு விஷயம் முடியாது.

காகித வடிகட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடிகட்டும் வேலையில் மூன்றில் இதுவே சிறந்தது. சுத்தம் செய்வது மட்டும் வீண்வேலை. திருப்பி ஊதினால் மடிப்புகள் கிழியும், உதிர்ந்த நார் கார்புரேட்டருக்குப் போகும். தண்ணீர் பட்டால் காகிதம் ஊதி, பார்க்கச் சுத்தமாக இருந்தும் ஓட்டத்தைத் தடுக்கும். அம்புக்குறி பார்த்துப் புதிதாக மாட்டுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பெட்ரோல் பாதிதான் தெரிகிறது என்று பலர் பதறுவார்கள். அது பெரும்பாலும் இயல்பே. எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற வண்டிகளில் எஞ்சின் மேல் ஹோஸில் தொங்கவிட்ட வடிகட்டி அதன் எடையாலும் அதிர்வாலும் கார்புரேட்டரின் பித்தளை முனையை இழுத்துக் கழற்றி, தீப்பிடிக்கக் காரணமாகிறது. சூடான பாகங்களிலிருந்து விலக்கி, அடிப்புறத்தில் கிளிப் போட்டு நிறுத்துவது மேல்.

இரண்டு சேர்ந்தால் நன்று: பம்புக்கு முன் கண்ணாடிக் கிண்ணமோ 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு வலையோ, பம்புக்குப் பின் 40 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய காகிதம். உறிஞ்சும் பக்கத்தில் நுண்ணிய காகிதத்தை வைத்தால் பம்ப் திணறும், வெயிலில் பெட்ரோல் ஆவியாகும் வாய்ப்பும் கூடும். காகிதம் இருக்கும் வண்டியில் வெண்கலத் துண்டைத் தக்கவைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதைத் தொட்டாலும் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பம்ப் சோதனை தவிர மற்ற வேலைகளுக்கு பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். திறந்த வெளியில், அருகே தீயணைப்பானோடு வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பூட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் கிண்ணத்தை மறுபடி பார்க்க வேண்டும். செம்பழுப்புத் தூள் மீண்டும் சேர்ந்திருந்தால் வடிகட்டியைக் குறை சொல்வதில் பொருளில்லை. டேங்கைத்தான் இறக்கியாக வேண்டும்.