அல்சூர் ஏரிப் பக்கம்: தனி வீடா, பழைய அபார்ட்மென்ட்டா, புது உயர்மாடியா?

பெங்களூரு அல்சூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘ஏரி தெரியுமா?’ என்றுதான். விலையை ஏற்றுவதும் அந்தக் கேள்விதான். ஆனால் வாங்கிய பிறகு கைகொடுப்பவை வேறு: எத்தனை அடி மண் உங்கள் பெயரில் இருக்கிறது, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் உள்ள பதிவு) ஒழுங்காக இருக்கிறதா, காய்கறி வாங்கவும் மெட்ரோ ஏறவும் வண்டி எடுக்காமல் போய்வர முடிகிறதா. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஏரிக்கு நேர் எதிரே நிற்கும் வீட்டைவிட இரண்டு தெரு உள்ளே இருக்கும் வீடு பெரும்பாலும் ஜெயிக்கும்.

பேட்டையின் தனி வீடு

சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்கள் நடப்பவர்களுக்காகவே அமைந்தவை. கடைத்தெரு, கோயில், 2011இல் திறந்த ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோ நிலையம் எல்லாம் பக்கம். மனை சிறியது, 20க்கு 30, 30க்கு 40 அடிகள்தான் வழக்கமான அளவு. மண் முழுவதும் உங்களுடையது. கார் நிறுத்த இடம் இருக்காது. சில சந்துகளில் சிமென்ட் லாரியே நுழையாது. இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் பொதுச்சுவரா என்பதை முதலில் பாருங்கள். ஏரியை ஒட்டி ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் வளாகம் இருப்பதால், அதன் அருகில் உள்ள மனைக்குத் தடையின்மைச் சான்று தேவையா என்பதையும் கட்டட வரைபடம் போடுவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

தனி வீட்டில் சறுக்குவது பத்திரத்தில்தான். பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், வரி அப்பா பெயரில் போகும், வீட்டைக் காட்டுபவர் மகனாக இருப்பார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன அத்தையும் அக்காவும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர்களிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கியிருக்க வேண்டும். ‘அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’ என்ற வாய் வார்த்தைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வில்லங்கச் சான்றில் ஒரு கண்ணி உண்டு. கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் 2004 ஏப்ரல் 1 முதலான பதிவுகளே கிடைக்கும். இதை மட்டும் பார்த்துவிட்டு ‘வில்லங்கம் இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப் போட வேண்டும். பழைய பேட்டைச் சொத்துக்கு 30 ஆண்டுகளாவது பின்னோக்கிப் பார்க்காமல் நகரக்கூடாது.

பெங்களூரின் ‘லீசு’ முறையும் இங்கே குறுக்கே வரும். குடியிருப்பவர் பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார்; அந்தப் பணம் கைக்கு வராமல் காலி செய்ய மாட்டார். மாடி ஒருவரிடமும் கீழ்வீடு இன்னொருவரிடமும் லீசில் இருந்தால், அந்தத் தொகைகளைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். யார், எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பழைய அபார்ட்மென்ட்

லிஃப்ட் சத்தம் போடும், வெளிச்சுவரில் பாசி படிந்திருக்கும். இருந்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் நல்ல வாங்கல். காரணம், பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12,000 சதுர அடி மனையில் 16 வீடுகள் என்றால் ஒரு வீட்டுக்கு 750 சதுர அடி மண். 40,000 சதுர அடியில் 120 வீடுகள் கொண்ட உயர்மாடியில் அது 333 சதுர அடிதான். கட்டடத்தின் மதிப்பு தேயும். ஏற வேண்டியது மண்ணின் மதிப்பு. விளம்பரத்தை விட்டுவிட்டுப் பத்திரத்தில் எழுதியிருக்கும் பங்கைப் படியுங்கள். எல்லாப் பத்திரங்களின் பங்கையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டும் கட்டடங்களும் உண்டு.

பகலில் ஒருமுறை மொட்டை மாடிக்கும் கார் நிறுத்தும் தளத்துக்கும் போய்ப் பாருங்கள். கான்கிரீட் உப்பி, துருக்கறை கோடாக ஓடினால் உள்ளே கம்பி அரிக்கிறது என்று பொருள். மேலே பூச்சு பூசினால் அது நிற்காது. கேட்டு வாங்க வேண்டியவை: சங்கத்தின் மூன்று ஆண்டுக் கணக்கு, லிஃப்ட் மாற்றப் பணம் சேர்த்திருக்கிறார்களா என்ற விவரம், மார்ச், ஏப்ரல் மாதத் தண்ணீர் லாரி ரசீதுகள். குடியேற்றச் சான்று (கட்டி முடித்த கட்டடத்தில் குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் சான்று) இல்லாத பழைய கட்டடங்கள் நிறைய. அப்படியானால் முன்பணத்துக்கு முன்பே உங்கள் வங்கியின் மதிப்பீட்டாளரை வரச் சொல்லுங்கள். கட்டடத்தின் மிச்ச ஆயுளைக் காட்டிக் கடன் காலத்தைக் குறைக்கவும் கூடும். ‘சீக்கிரமே இடித்துக் கட்டப் போகிறோம்’ என்ற பேச்சுக்குப் பைசா கூடுதலாகத் தர வேண்டாம். ஒரே ஒரு உரிமையாளர் முரண்டு பிடித்தாலும் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

ஏரியைப் பார்க்கும் புது உயர்மாடி

மின்தடைக்கு ஜெனரேட்டர், காவல், இரண்டு கார் இடம் என்று வசதி நிறையவே. அவற்றுக்கான விலையையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. குடியேற்றச் சான்று வந்த பின் வாங்கினால் அது இல்லை. பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் சுவர், படிக்கட்டு, பொது இடங்களின் பங்கு எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப் பரப்பின் மேல்தான் கணக்கிடப்படும். நீங்கள் கால் வைத்து நடக்கும் கார்ப்பெட் பரப்போ அதில் முக்கால் அளவுதான் இருக்கும். ரெராவின் (வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையம்) இணையப் பக்கத்தில் உள்ள கார்ப்பெட் அளவை எடுத்து, அதை வைத்துச் சதுர அடி விலையை நீங்களே வகுத்துப் பாருங்கள்.

காட்சியோடு சேர்ந்து வருவதையும் சொல்ல வேண்டும். ராஜகாலுவேகள் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் மழைநீரோடு கழிவுநீரும் கலந்து ஏரிக்கு வருகிறது. 2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஏரி பார்த்த பால்கனியை வாங்க நினைப்பவர் கோடையில் ஒரு மாலையாவது அங்கே நின்று பார்க்க வேண்டும். கொசு பற்றிக் காவலாளியிடம் கேட்டால் உண்மை வரும்.

ஏரிக்கும் கால்வாய்க்கும் எவ்வளவு தூரம் விட்டுக் கட்ட வேண்டும் என்ற இடைவெளி விதி இன்னும் முக்கியம். பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் விதித்த 75 மீட்டரை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் நீக்கியதும், பெங்களூரின் 2015 நகரப் பெருந்திட்டத்தின் வரம்பே திரும்ப வந்தது: ஏரிக்கு 30 மீட்டர், கால்வாய்களுக்கு அவற்றின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர். கர்நாடக நில அளவைத் துறையின் திஷாங்க் செயலியைத் திறந்து மனையின் மேல் நின்றால் சர்வே எண் தெரியும். கால்வாய் எங்கே ஓடுகிறது என்பதைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அது மூடப்பட்டு, மேலே சாலையாகவே தெரியலாம்.

கையில் வேண்டிய பணம்

எதை வாங்கினாலும் முத்திரைத் தீர்வை, மேல்வரிகளோடு 5.6 சதவீதம்; 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒன்றரைக் கோடி வீட்டுக்கு இவை மட்டும் 11.4 லட்சம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கி தருவது வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான். ஆக மீதி 25 சதவீதமான 37.5 லட்சமும் சேர்த்து, சுமார் 49 லட்சம் சொந்தப் பணம் வேண்டும். வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் அதில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதம் பல மடங்கு. அவர் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்பே வாங்கித் தருவது நல்லது.

விற்பவர்களுக்கு

இ-காத்தா (மின்னணு வடிவக் காத்தா) இல்லாமல் இப்போது பதிவு நடக்காது. வரைவு இ-காத்தாவில் பெயர் எழுத்தோ அளவோ பத்திரத்தோடு ஒட்டவில்லை என்றால் திருத்தம் முடியும்வரை வாங்குபவரின் கடன் ஒப்புதல் காத்திருக்காது. பி காத்தா (விதிமீறலோ ஒப்புதல் குறையோ உள்ள சொத்துக்கான காத்தா) என்றால் பல வங்கிகள் ஒதுங்கிவிடும், வாங்க வருபவர்களும் குறைவார்கள். ‘விற்பனைக்கு’ என்று பலகை மாட்டுவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிட்டு, லீசுக்காரரிடம் காலி செய்யும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காட்டும்போது ஏரி வாசலுக்கும் மெட்ரோவுக்கும் வாங்க வந்தவரைக் கூட்டிக்கொண்டு நடந்தே போங்கள். வரைபடத்தில் 200 மீட்டரில் தெரியும் ஏரிக்கு, வாசல் மறுபக்கம் இருந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். அதை அவர் பேரம் முடிந்தபின் கண்டுபிடிப்பதைவிட அன்றைக்கே தெரிந்துகொள்ளட்டும்.