சவுண்ட் கார்டு இரைச்சலும் நானும்

2018-இல் மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாத ஒரு சின்ன சர்வர் வைத்திருந்தேன். ரீபூட் செய்து, தகவலைப் பூட்டும் ரகசியச் சாவி உருவாக்கச் சொன்னால் அப்படியே உறைந்து நிற்கும். சாவிக்கு யாராலும் ஊகிக்க முடியாத ரேண்டம் எண்கள் வேண்டும். அந்தக் காலத்து லினக்ஸின் மையமான கெர்னல் அப்படித்தான்: கீபோர்டு தட்டல், மவுஸ் அசைவு போன்றவற்றிலிருந்து சேர்த்த என்ட்ரோபி, அதாவது ஊகிக்க முடியாத தன்மை, தீர்ந்தது என்று தோன்றினால், ரேண்டம் எண் தரும் டெவ் ரேண்டம் என்ற கோப்பு கேட்டவனைக் காக்க வைத்துவிடும். தட்ட ஆள் இல்லை, அசைக்க மவுஸும் இல்லை. அது எங்கே போய்த் தேடும்?

அதனால் சவுண்ட் கார்டைப் பிடித்தேன். மைக் செருகாமல் வெறும் இரைச்சலைப் பதிவு செய்து, 16 பிட் மாதிரி ஒவ்வொன்றிலும் கடைசி பிட்டை மட்டும் உருவி எடுப்பது. 0-வும் 1-ம் சரிபாதியாக வரவில்லை. அதைச் சரிசெய்யக் கணித மேதை வான் நியூமன் சொன்ன வழி ஒன்று உண்டு: பிட்களை ஜோடி ஜோடியாகப் பார், 01 என்றால் 0, 10 என்றால் 1, மற்றதைத் தூக்கிப் போடு. கால்வாசிகூடத் தேறாது. பொறுமை போய் அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துண்டோடும் ஒரு வரிசை எண்ணைச் சேர்த்து நேரே ஷா-256-க்குள் தள்ளினேன். எதைப் போட்டாலும் தாறுமாறாகத் தெரியும்படி கலக்கித் தரும் ஹாஷ் முறை அது. ரேண்டம் தன்மையை அளக்கும் சோதனை நிரல், 8 பிட் கொண்ட பைட்டுக்கு 7.999 பிட் என்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல மாதம் கழித்துத் தற்செயலாகக் கச்சா பதிவைத் திறந்தேன். முழுக்கப் பூஜ்யம்! ஏதோ ஒரு அப்டேட்டில் உள்ளீடு மியூட் ஆகியிருக்கிறது. 1, 2, 3 என்ற வரிசை எண்ணைத்தான் இத்தனை நாளும் ஹாஷ் செய்து சாவியாக்கியிருக்கிறேன். வான் நியூமனை விட்டுவைத்திருந்தால் ஒரு பிட்கூட வெளியே வராமல் அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். எல்லாச் சாவிகளையும் மாற்ற ஒரு வாரம் ஆனது. 2006 முதல் 2008 வரை டெபியன் என்ற லினக்ஸ் வகையில், சாவி உருவாக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லிலும் இதே வியாதிதான்: சாவிகள் பார்க்க அழகாக இருந்தன, ஆனால் ரேண்டம் எண்கள் கிளம்பும் தொடக்க மதிப்பான விதையில் மாறியது, ஓடும் நிரலுக்குக் கொடுக்கப்படும் பிராசஸ் எண் மட்டுமே, அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள்.

சவுண்ட் கார்டுபோல இரைச்சலுக்காக, லென்ஸில் டேப் ஒட்டிய வெப்கேமும் கொஞ்ச நாள் ஓடியது. சொல்ல ஒன்றுமில்லை.

சிப்புக்குள்ளேயே இருக்கும், ரேண்டம் எண் தரும் கட்டளையான ஆர்டிராண்ட் வேகத்தில் அசுரன். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க மாட்டேன். 2019-இல் சில ஏஎம்டி ரைசன் சிப்களில், பயாஸ் திருத்தம் வரும்வரை, எத்தனை முறை கேட்டாலும் எல்லாப் பிட்டும் 1-ஆகவே வந்தது. கெர்னல் பல ஊற்றுகளைக் கலப்பதால் ஒன்று வறண்டாலும் சமாளித்துக்கொள்ளும்.

இப்போது நிரல்களில், கெர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் கெட்ராண்டம் மட்டும்தான் அழைக்கிறேன். 2020-இல் வந்த 5.6 கெர்னலிலிருந்து டெவ் ரேண்டமும் தொடக்கத்தில் விதை சேரும்வரைதான் காத்திருக்கும், பிறகு நிற்பதில்லை. கூடுதலாக, மின்னணு உறுப்பில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதால் வரும் அவலாஞ்ச் இரைச்சலில் ஓடும் யூஎஸ்பி குச்சி ஒன்று கெர்னலுக்குத் தீனி போடுகிறது. சூடாகும், வேகமும் சுமார்தான். ஆனாலும் கழுவித் துடைக்காத கச்சா பிட்டைக் காட்டுகிறதே, அதற்காகவே வைத்திருக்கிறேன். மென்பொருளிலேயே ஓடும் கணினியான விர்ச்சுவல் மெஷினை நகலெடுத்தால், அதில் சேமித்திருக்கும் விதைக் கோப்பை முதல் பூட்டுக்கு முன்பே அழித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே விதையோடு கிளம்பும்.

மாதம் ஒரு முறை கச்சா பிட்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் படம் போட்டுப் பார்ப்பேன். போன மாதம் மெல்லிய சாய்கோடுகள் தெரிந்தன. சோதனை நிரலுக்கு அது கண்ணிலேயே படவில்லை. யூஎஸ்பி ஹப்பை மாற்றியதும் கோடுகள் போய்விட்டன.