மாலை நேர டைப்ரைட்டிங் வகுப்பு: சேருமுன் மெஷினைப் பாருங்கள்

பகலில் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தயாராகிறவர்களுக்குப் பக்கத்துத் தெரு இன்ஸ்டிடியூட்டின் மாலை பேட்ச்தான் கதி. அந்த வசதி கண்ணெதிரே சுருங்கி வருகிறது. கோத்ரெஜ் நிறுவனம் 2009-இல் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்திய பிறகு புது மெஷின் வருவதில்லை. மெக்கானிக்குகளும் அருகிவிட்டார்கள். ஒன்று கெட்டால் இன்னொன்றைக் கழற்றிப் பாகம் எடுக்கிறார்கள். மெஷின் குறைந்தால் பேட்சில் இடமும் குறைகிறது. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்து வரும் மாலை நேரத்தில்தான் அந்த நெருக்கடி தெரியும்.

அதனால் கட்டணத்தைக் கேட்கும் முன் ஒரு தாளைச் சொருகி, நாலு வரி வேகமாக அடித்துப் பாருங்கள். சொல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்தால், கேரேஜை (தாளோடு நகரும் மேல்பகுதியை) ஒவ்வொரு எழுத்தாக நகரவிடும் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். எழுத்தின் மேல் எழுத்து ஏறினால் கேரேஜை இழுக்கும் நாடா தளர்ந்திருக்கும். இரண்டும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் உங்கள் பிழையாகவே எண்ணப்படும். எழுத்துக் கம்பிகள் ஒட்டிக்கொண்டு திரும்பாவிட்டால் யாரோ அங்கே எண்ணெய் விட்டிருக்கலாம். எண்ணெயில் தூசி படிந்து இறுகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தாலே சரியாகும். அதைக்கூடச் செய்யாத இடத்தில் சேராதீர்கள். தேர்வு மையத்துக்கு நீங்கள் பழகிய அதே மெஷின் வருமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

லோயர் (இளநிலை) தேர்வுக்கு 10 நிமிடத்தில் 1500 முறை விசையைத் தட்ட வேண்டும்; ஐந்து தட்டு ஒரு சொல் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 30 சொல். ஹையருக்கு (முதுநிலைக்கு) 45 சொல். வீடியோ பார்த்து வீட்டுக் கணினியில் பழகினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. இடது சுண்டுவிரல் அழுத்தம் குறைந்தால் ஆங்கில 'A' மங்கலாக விழும்; கணினியில் அது தெரியவே தெரியாது. விசைகளைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே அதட்டித் திருத்த ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். பேட்ச் முழுக்க நடந்து பார்க்கும் மாஸ்டர் இருந்தால் மெஷின் கொஞ்சம் பழசானாலும் சேரலாம்.

தமிழுக்கு மாஸ்டரின் தேவை இன்னும் அதிகம். புள்ளி விசையை அடித்தால் கேரேஜ் நகராது. புள்ளியை முதலில் அடித்து, பிறகுதான் மெய்க்குரிய எழுத்தை அடிக்க வேண்டும். கைபேசியில் எழுதிப் பழகியவர்கள் இங்கேதான் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தட்டச்சர் பணிக்கு இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தவர்களுக்கே முதல் முன்னுரிமை என்பதால் தமிழைத் தள்ளிப்போட முடியாது.

பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே வர முடிகிறவர்கள் பிப்ரவரித் தேர்வுக்கு ஆகஸ்டிலேயே சேர்ந்துவிடுங்கள். டிசம்பரில் போனால் காலை ஆறு மணி பேட்ச்தான் மிச்சமிருக்கும்.