வீட்டில் எஞ்சின் பிரிக்கப் பழைய புல்லட்டா, யெஸ்டியா?

பழைய வண்டி வாங்கி எஞ்சினை நாமே பிரித்துக் கட்டலாம் என்று ஆசைப்பட்டால், டூ ஸ்ட்ரோக்கில் தொடங்கு, வால்வு இல்லை, கேம் இல்லை, வேலை சுலபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திருவொற்றியூரில் செய்த இரும்பு பிளாக் புல்லட் 350 (ஃபோர் ஸ்ட்ரோக்), மைசூரில் செய்த யெஸ்டி 250 (டூ ஸ்ட்ரோக்), இரண்டையும் வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துக் கட்டியிருக்கிறேன். முழு எஞ்சின் வேலை என்றால் நான் புல்லட்டைத்தான் சொல்வேன்.

மேல் வேலை மட்டும் போதும் என்றால் யெஸ்டிதான், சந்தேகமே இல்லை. ஹெட், பிளாக், பிஸ்டன், அவ்வளவுதான். பிளாக்கை லேத்தில் கொடுத்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்பத் துளையைப் பெரிதாக்கி (போர் போட்டு) வாங்கும்போது, கலவையும் புகையும் போய்வரும் ஓட்டைகளான போர்ட்டுகளின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப்பைப் போடும்போது, கிராங்க் இருக்கும் கீழ்க் கூடான கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

சிக்கல் கீழே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க்கேஸுக்குள் போய்த்தான் மேலே வருகின்றன, அதனால் கிராங்க் சீல் கொஞ்சம் காற்று இழுத்தாலும் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துப் பழைய சீல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதையே திரும்பப் போட்டேன். இரண்டாம் நாள் இரண்டு சைலன்சரிலும் வெள்ளைப் புகை, கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. கிளட்ச், பிரைமரி செயின் எல்லாம் மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. கிராங்க் வரைக்கும் போவதென்றால் கேஸைப் பிளக்க வேண்டும், கியரெல்லாம் கையோடு வந்துவிடும்.

புல்லட்டில் கியர்பாக்ஸ் தனிக் கூடு, எஞ்சினுக்குப் பின்னால் போல்ட்டில் நிற்கிறது, அதைத் தொடாமலே எஞ்சினைப் பிரிக்கலாம். 70 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், பாகமெல்லாம் பெரிசு, தேய்மானம் கண்ணுக்கே தெரியும். வால்வுக்குப் பயப்படவே வேண்டாம். வால்வில் தேய்ப்புப் பேஸ்ட் தடவி, அதில் ஒட்டும் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்து கடைகிற மாதிரி உருட்டினால் கொஞ்ச நேரத்தில் சீட்டைச் சுற்றி ஒரே சீராகச் சாம்பல் வளையம் விழும். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள், வால்வைத் தாண்டிக் கசியக் கூடாது. டேப்பட் இடைவெளி வைக்க, அதை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராட் (கேமின் அசைவை மேலே வால்வுப் பக்கம் கொண்டுபோகும் கம்பி) விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

கிராங்க் வேலை மட்டும் இரண்டிலுமே வீட்டில் ஆகாது. யெஸ்டி கிராங்க் பிரஸ்ஸில் அடித்துச் சேர்த்தது. புல்லட்டில் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க முனை) ஃப்ளோட்டிங் புஷ், அதாவது இறுக்காமல் சுற்றவிட்ட புஷ், நட்டைக் கழற்றிப் பிரிக்கலாம்தான், ஆனால் திரும்ப நேர் பார்த்துக் கட்டக் கை பழகியவர் வேண்டும், கொடுத்து வாங்கிவிடுங்கள்.

புல்லட்டில் இரண்டே இடத்தில் கவனம். டைமிங் பக்கம் (கேம் கியர் இருக்கும் பக்கம்) ஆயில் பம்ப்பை ஓட்டும் வோர்ம் நட்டுக்கு இடது மரை, தெரியாமல் வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். டைமிங் கவரைத் திறந்தால் கிராங்க் முனைக்கு எண்ணெய் போகும் வழியில் இருக்கும் கார்க் சீலைப் புதிதாகப் போடுங்கள், அது சரியாக உட்காராவிட்டால் பிக் எண்டுக்கு எண்ணெய் போகாது. கட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி வைத்து, ராக்கருக்கு (ஹெட்டில் வால்வை அழுத்தும் கை) எண்ணெய் கொண்டுபோகும் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அங்கே எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை உதைத்துக்கொண்டே இருங்கள்.