பம்பர்-டு-பம்பர் இன்சூரன்ஸ்: கோயமுத்தூர் ரோட்டுக்குத் தேவைங்களா?

அவிநாசி ரோடு நெரிசல்ல முதல் அடி பம்பருக்குத்தானுங்க. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம்னு 50 சதவீதம் கழிச்சிருவாங்க, ஃபைபருக்கு 30. கண்ணாடிக்குக் கழிவில்லை. பம்பர் 8,000 ரூபாய்னா 4,000 நம்ம கைக்காசு. பம்பர்-டு-பம்பர்ங்கற ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) சேர்த்திருந்தா அது மிச்சம். கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் நாம போட்டே ஆகவேண்டிய பங்கு மட்டும் (1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000) எப்படியும் போகும். டயர், பேட்டரி பெரும்பாலும் இதிலும் சேராது.

பேரைப் பார்த்து ஏமாறக் கூடாதுங்க. லங்கா கார்னர் பாலத்தடியில் மழைத்தண்ணி எஞ்சினுக்குள்ள போனா இந்தக் கவர் உதவாது. சிலிண்டருக்குள் காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டனை இணைக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அதுக்கு எஞ்சின் புரொடெக்ட்ங்கற கூடுதல் கவரைத் தனியா வாங்கணும். அதுவும் இருந்தாலுமே, தண்ணியில் நின்ன வண்டிக்குச் சாவி போட்டுப் பார்க்காம ரெக்கவரி வண்டியில் ஏத்துங்க. மறுபடி ஸ்டார்ட் பண்ணினது தெரிஞ்சா கிளெய்ம் இழுபறிதான்.

புது வண்டிக்கு முதல் 5 வருஷம் தாராளமா வாங்கலாம். ஆனா ஒரு கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு 50 சதவீதம் வரை போற நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) விட்றாதீங்க. அதுக்குப் பக்கத்து டிங்கரிங் பட்டறையே போதும்.