நாய், பூனையோடு நெடும்பயணம்: கேம்பர் வேனா, மோட்டார்ஹோமா, இழுவை கேரவனா?

ஓய்வு பெற்றதும் வண்டியையே வீடாக்கிக்கொண்டு கிளம்ப நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கட்டில், சமையல் மேடை, கழிப்பறை. கூடவே ஒரு நாயும் வருகிறதென்றால் அதற்கு முன்பே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வண்டி ஓடும்போது அது எங்கே இருக்கும்? நாம் பக்கத்தில் இல்லாத இரண்டு மணி நேரம் அதற்குக் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

முதல் கேள்விக்கு, காரின் பின்னே மாட்டி இழுத்துச் செல்லும் வீடான இழுவை கேரவனில் பதில் எளிது. அதற்குள் நாயை விட்டு ஓட்டவே கூடாது. குலுக்கல் அதிகம், ஓடும்போது ஏசி இருக்காது, உள்ளே அது தவித்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால் காரின் பின் இருக்கையில், பழகிய இடத்திலேயே வரும். வேனுக்குள்ளேயே கட்டிலும் சமையல் மேடையும் அமைத்த கேம்பர் வேனிலும், அதைவிடப் பெரிதாக வண்டியே வீடாக இருக்கும் மோட்டார்ஹோமிலும் நாய் கண்ணெதிரே இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் அதைக் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். திடீர் பிரேக்கில் இருபது கிலோ நாய் முன்கண்ணாடியில் போய் மோதும். சீட் பெல்ட்டோடு இணைக்கும் மார்புப் பட்டையோ, தரையோடு பிணைத்த கூண்டோ கட்டாயம்.

இரண்டாவது கேள்விதான் உண்மையான சோதனை. வெளியே 21 டிகிரி செல்சியஸ் என்ற இதமான நாளில்கூட, வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியாகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சரியாக வராது.

ஆகவே ஏசி வேண்டும். கூரை ஏசி ஓட ஏறத்தாழ 1,200 முதல் 1,500 வாட் தேவை. 100 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் மொத்தம் இருப்பதே 1,200 வாட்-மணி, அதாவது ஏசிக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். லெட்-ஆசிட் என்றால் அதில் பாதியை எடுப்பதுதான் பேட்டரிக்கு நல்லது. சிறிய கேம்பர் வேன் இங்கேதான் தோற்கிறது. கூரையில் சோலார் இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். அந்தச் சிறிய கூரைக்கு ஏசி ஓட்டும் வலு கிடையாது. பெரிய மோட்டார்ஹோமில் ஜெனரேட்டர் உண்டு, சத்தமும் உண்டு. கேரவனை முகாமில் மின் இணைப்போடு நிறுத்திவிட்டுக் காரில் போய் வரலாம். மின்சாரம் போனால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானியையும் மறக்காமல் பொருத்துங்கள்.

நாயை இப்படி விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை அடிக்கடி வரும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாய்க் கயிறு சுமார் 1.8 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. பல பூங்காக்களின் நடைபாதைகளில் நாய்க்கே அனுமதி இல்லை. கேரவன் வைத்திருப்பவர் நள்ளிரவில் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டுமென்றாலும் கார் தயாராக நிற்கும். மோட்டார்ஹோமில் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் கழற்றிய பிறகே வீடு நகரும்.

கேரவனின் குறை நம் உடம்பில் இருக்கிறது. கொக்கி மாட்டக் குனிய வேண்டும், ஜாக்கி சுற்ற வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கேரவன் மறுபக்கம் போகும். முட்டி வலி உள்ளவர் யோசிக்க வேண்டும். மோட்டார்ஹோமுக்கோ எடைச் சிக்கல்: ஐரோப்பாவில் கார் ஓட்டுவதற்கான சாதாரண பி வகை உரிமம் நெடுங்காலமாக 3,500 கிலோ எடையுள்ள வண்டி வரைதான்.

என் கணக்கு இதுதான். ஓரிடத்தில் வாரக்கணக்கில் தங்குபவர், நாயும் பெரிது என்றால் கேரவன். தினமும் இடம் மாறுபவர், எங்கே போனாலும் கூடவே வரும் சிறிய நாய் என்றால் கேம்பர் வேன். வாசலும் தாழ்வு, வயதான நாய் சிரமமின்றி ஏறும். பூனைக்கு மட்டும் மோட்டார்ஹோமே என் தேர்வு. காருக்கும் கேரவனுக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப் போனால் அதற்குப் பிடிக்காது. இதிலோ அது மலம் கழிக்கும் மணல் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று மட்டும்: பக்கவாட்டில் நீளும் அறை உள்ள வண்டியென்றால், பொத்தானை அழுத்துமுன் பூனை எங்கே என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அந்த இயந்திர இடுக்குதான் அதற்கு மிகப் பிடித்த ஒளிவிடம்.