வரவேற்பறையா, வட்டமா: ஒரு குறுநாடகத்துக்கு இரு மேடைகள்

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் மலேசிய இந்தியர்களின் உரிமை கோரி ஹிண்ட்ராஃப் என்ற அமைப்பு நடத்திய பேரணிக்கு முந்தைய இரவு, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தந்தை தடுக்க, போயே தீருவேன் என்று மகள் நிற்கும் ஒரு குறுநாடகத்தை எடுத்துக்கொள்வோம்.

கோலாலம்பூரின் சோமா அரங்கத்தைப் போன்ற, பார்வையாளர் ஒரே பக்கம் அமரும் முன்திரை மேடையில் இதை இயல்புவாத முறையில், அதாவது அன்றாட வாழ்க்கையைப் போலவே, நடத்தினால், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் நாற்காலியும் சாமி படமும் பூட்டிய இரும்புக் கதவுமே தந்தையின் அதிகாரத்தைப் பேசிவிடும். அவரது அச்சம் 1969 மே 13 அன்று மலேசியாவில் வெடித்த இனக் கலவரத்தின் நினைவிலிருந்து எழுவது என்பதை நடிகர் ஒரு தயக்கத்தாலேயே உணர்த்தலாம். ஆனால் பேரணி மேடைக்கு வெளியே, பேச்சில் மட்டுமே நின்றுவிடுவதால், மகளின் தரப்பு வெறும் பிடிவாதமாகச் சுருங்கும் ஆபத்து உண்டு.

பார்வையாளர் நாற்புறமும் அமரும் வட்ட அரங்கில், மறுநாள் கண்ணீர்ப்புகையையும் நீர்ப்பீரங்கியையும் எதிர்கொள்ளப்போகும் கூட்டமாக அவர்களே மாறுகிறார்கள். மகள் அவர்களிடையே சென்று அமர்ந்துவிட்டால், தந்தை தனித்துப்போவது வசனமின்றியே புலப்படும். தெருக்கூத்தில் கதையை அறிவித்து இடையிடையே கேலி பேசும் கட்டியங்காரனைப் போல ஒருவரைக் குறுக்கிட விடலாம் (அவர் இரு தரப்பையும் கேலி செய்ய வேண்டும், இல்லையேல் நாடகம் பிரசாரமாகிவிடும்). நடிகர் எப்போதும் யாருக்கோ முதுகு காட்டுவதால் குரல் பயிற்சி கூடுதலாகத் தேவை, ஒளியமைப்பும் கடினம்.

இந்தப் பிரதிக்கு நான் வட்டத்தையே தேர்வேன். தந்தையாக நடிப்பவர் நுட்பமான முகபாவங்களில் தேர்ந்தவராக இருந்தால் மட்டும் முன்திரை மேடைக்கு மாறுவேன்.